நிலையான பேட்ச் ஆன்டெனாவா, சுழலும் டிராக்கரா?

ரிமோட் விமானத்தின் வீடியோ தூரத்தில் மங்கத் தொடங்கியதும் பலருக்கும் டிராக்கர் ஆசை, அதாவது விமானம் போகும் பக்கம் ஆன்டெனாவைத் தானே திருப்பும் கருவி மேல் ஆசை, வந்துவிடுகிறது. அதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: விமானம் உங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் போகிறதா, எதிரே உள்ள வெளியில் மட்டும்தான் பறக்கிறதா? கிரவுண்ட் ஸ்டேஷனில், அதாவது தரையில் வீடியோவை வாங்கும் அமைப்பில், எதை மாட்டுவது என்பதைத் தூரத்தைவிட இதுதான் தீர்மானிக்க வேண்டும்.

எதிரே மட்டும் என்றால், முக்காலியில் அசையாமல் நின்று ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் தட்டையான பேட்ச் ஆன்டெனாவே என் தேர்வு. 8 டிபிஐ (ஆன்டெனா ஒரு பக்கம் சிக்னலைக் குவிக்கும் அளவு) பேட்ச் ஏறக்குறைய 60, 70 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். கூடவே சுற்றிலும் பார்க்கும் ஓம்னி ஆன்டெனா ஒன்றை டைவர்சிட்டி ரிசீவரில் (இரண்டு ஆன்டெனாவில் நல்ல சிக்னலைத் தேர்ந்தெடுக்கும் ரிசீவர்) மாட்டிவிட்டால், விமானம் பக்கவாட்டிலோ முதுகுப் பக்கமோ வரும்போது அது பார்த்துக்கொள்ளும். சுழலும் பாகமே இல்லாததால் களத்தில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. வட்டச்சுழல் ஆன்டெனா (அலையைச் சுழற்றி அனுப்பும் வகை) என்றால் தரையிலும் விமானத்திலும் ஒரே சுழல்திசையா என்று மட்டும் பாருங்கள்.

தூரம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டிபி குறையும். அதை ஈடுகட்ட 14 டிபிஐ பேட்சுக்குப் போனால் கற்றை, அதாவது அது பார்க்கும் அகலம், ஏறக்குறைய 30 டிகிரிக்குச் சுருங்கிவிடும். விமானமும் பல திசைகளில் அலைகிறது என்றால், அப்போதுதான் டிராக்கருக்கு உண்மையான வேலை வருகிறது.

டிராக்கரில் இரண்டு வழிகள். இரண்டு பேட்சுகளைச் சற்று விலக்கி வைத்து, சிக்னல் வலுவாக வரும் பக்கம் திரும்புவது ஒன்று. விமானத்தில் ஜிபிஎஸ் வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் கட்டடத்திலோ தகரக் கூரையிலோ பட்டுத் திரும்பி வரும் சிக்னலையும் அது நம்பிவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று ஜிபிஎஸ் வழி. விமானம் ஓட்டும் திறந்த மென்பொருளான ஆர்டுபைலட்டின் ஆன்டெனா டிராக்கர் ஃபர்ம்வேர், விமானம் இருக்கும் இடத்தை மேவ்லிங்க் டெலிமெட்ரியில் (விமானம் தன் தகவல்களைத் தரைக்கு அனுப்பும் ரேடியோ இணைப்பு) வாங்கி, தன் இடத்தோடு ஒப்பிட்டு ஆன்டெனாவைப் பிடித்திருக்கும் இரண்டு சர்வோ மோட்டார்களைத் திருப்பும். சாதாரண சர்வோ தன் எல்லைக்கு வந்ததும் மறுபக்கம் சுற்றி வர வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் படம் போய்விடலாம். தொடர்ந்து சுழலும் சர்வோவும் ஸ்லிப் ரிங்கும் (சுழலும்போது கம்பி முறுக்கிக்கொள்ளாமல் இணைப்புத் தரும் வளையம்) இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ட்யூனிங் வேலைதான் கூடும்.

இதன் பலவீனம், டெலிமெட்ரி போனால் டிராக்கருக்குக் கண் போய்விடும் என்பது. அதனால் டெலிமெட்ரியை வீடியோவைவிடக் குறைந்த அலைவரிசையில், உங்கள் நாட்டு விதி அனுமதிப்பதில், ஓம்னி ஆன்டெனாவோடு வையுங்கள். அப்புறம் டிராக்கருக்குத் திசை சொல்லும் காம்பஸ். சர்வோ மோட்டார், இரும்பு முக்காலி இரண்டிலிருந்தும் தள்ளி, பிளாஸ்டிக் கம்பத்தின் மேல் வைப்பது நல்லது. காம்பஸ் 20 டிகிரி பிசகினால் 30 டிகிரிக் கற்றை விமானத்தைத் தவறவிட்டுவிடும்.

டிராக்கர் வந்துவிட்டது என்று ஓம்னியைக் கழற்றாதீர்கள். ஜிபிஎஸ் 3 மீட்டர் பிசகினால், 1 கிலோமீட்டர் தூரத்தில் கோணப் பிழை 0.2 டிகிரிகூட இல்லை. 10 மீட்டரில் அதுவே 17 டிகிரி ஆகிவிடும். தரையிறங்கும்போது கைகொடுப்பது ஓம்னிதான்.

சர்வோக்களுக்குத் தனி மின்சப்ளை கொடுங்கள். வீடியோ ரிசீவரோடு பகிர்ந்தால் அவை திரும்பும்போதெல்லாம் படத்தில் கோடு விழலாம். பறக்கும் முன் ஒருவரிடம் விமானத்தைக் கொடுத்து நூறு மீட்டருக்கு அப்பால் சுற்றி நடக்கச் சொல்லி, ஆன்டெனா அவரையே பார்க்கிறதா என்று சரிபாருங்கள்.