பாளையங்கோட்டையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி: ஐந்துக்கு நாலு ஸ்டார்

பையனுக்கு ஏழு வயசு. ஃபிட்ஸுக்குக் கார்பமாசெபைன் ஆரம்பித்த மூன்றாவது வாரம் காய்ச்சல், கண் சிவப்பு, அடுத்த நாளே உதடெல்லாம் வெந்த மாதிரி உரிந்துவிட்டது. ஆச்சி அம்மை என்று வேப்பிலை பறிக்கப் போய்விட்டாள், பக்கத்து வீட்டில் அக்கி எழுதச் சொன்னார்கள், இந்தக் கூத்தில் அன்று ராத்திரியும் அதே மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன்.

இங்கே டியூட்டி டாக்டர் வாயைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "புதுசா என்ன மருந்து?" ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்றார், மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலும் வாயும் கண்ணும் வெந்து உரிகிற ஆபத்தான நோயாம். மாத்திரை அந்த நிமிஷமே நிறுத்தம்.

நாலு ஸ்டாரும் நர்ஸ் அக்காவுக்குத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடுராத்திரியிலும், உதட்டில் வெள்ளை பாராஃபின் களிம்பு. தடவாமல் விட்டால் இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ரத்தம் வரும். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்ச் குச்சியால் வாயைத் துடைத்துவிடுவார். "ஆ காட்டுல ராசா, பஞ்சு மாதிரி தொடுதேன்" என்பார், எங்களிடம் வாயே திறக்காதவன் அவரிடம் திறப்பான். சாப்பாட்டுக்கு முன்னால் வலி மரத்துப்போக பென்ஸிடமைன், தினம் இரண்டு வேளை கிருமியைக் கொல்ல குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கழுவும் மருந்து. அதிலும் ஆல்கஹால் இல்லாததாகப் பார்த்து வாங்கச் சொன்னார், இருந்தால் பிள்ளை துடித்துப்போகும். அந்த மருந்தால் பல் கொஞ்சம் பழுப்பானது, அதற்காக யாரும் பயப்பட வேண்டாம், சுத்தம் செய்தால் போய்விடும். தண்ணீர்கூட விழுங்க முடியாத இரண்டு நாளும் மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம்.

கேன்டீன் மோசம். வாய் வெந்து கிடக்கும் பிள்ளைக்குக் காரச் சட்னியோடு இட்லி வருகிறது! அப்புறம் வீட்டிலிருந்தே ஆறின கஞ்சி கொண்டுவந்தோம். அவனுக்குச் சொதி என்றால் உயிர், அதனால் இஞ்சி, மிளகாய், எலுமிச்சை எதுவும் போடாமல் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் மட்டும். ஆச்சிக்கு அதைச் சொதி என்று சொல்லவே மனசு வரவில்லை, அவன் ஒரு டம்ளர் குடித்தான்.

ஒரு ஸ்டார் குறைத்தது கண் டாக்டருக்காக. மூன்றாவது நாள்தான் வந்தார். இந்த நோயில் இமை ஒட்டித் தழும்பாகிப் பார்வையே கெடலாம், முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். சேர்க்கிறவர்கள் விடாமல் கேளுங்கள்.

டிஸ்சார்ஜில் ஒரு அட்டை கொடுத்தார்கள், கார்பமாசெபைனோடு, அதே மாதிரி ஃபிட்ஸ் மருந்துகளான ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டால் பெயரும் எழுதி, இனி இவை கூடாது என்று. ஒரு காப்பி ஸ்கூல் பையிலும் இருக்கிறது.