3,86,000 கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவும் அதன் தறிப் பூர்வீகமும்

நேற்றுக் காலை மீட்டர் 3,86,214 காட்டியது. 2007 மாடல் டொயோட்டா இன்னோவா, 2.5 டீசல், ஜி4 ரகம், எட்டு சீட். 2010-ல் கோயம்புத்தூரில் ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கியபோது 62,000 ஓடியிருந்தது. ஆறரை லட்சம் கொடுத்தேன். மூன்று வருஷ வண்டிக்கு இவ்வளவா என்று வீட்டில் எல்லோருமே கேட்டார்கள். ஒரு வண்டியைப் பற்றிப் பேச 15 வருஷம் போதும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பல்லடம் பக்கம் ஒரு கிராமம். அப்பா எட்டு விசைத்தறி போட்டுக் காடாத் துணி கூலிக்கு நெய்து கொடுத்தார். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஒரே ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால், தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் நீளமாக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். துணியை மடித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அப்பா தறிக்குடோனில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார், கண் மட்டும் பாவு மேல் இருக்கும்.

டொயோட்டா என்ற பெயரையும் நான் முதலில் பார்த்தது தறியில்தான். பெரியப்பா மகன் வேலை பார்த்த மில்லுக்கு ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனேன். அங்கே குறுக்கு நூலைச் சுமந்து இங்கும் அங்கும் ஓடும் நாடா இல்லாமல், காற்றை ஊதியே அந்த ஊடை நூலைப் பாய்ச்சும் ஏர்ஜெட் தறிகள் வரிசையாக ஓடின. எல்லாவற்றிலும் அந்தப் பெயர். "கார் கம்பெனி தறியும் செய்யுதாண்ணா?" என்று கேட்டேன். "தறிக் கம்பெனிதான் கார் செய்யுது தம்பி" என்றார். அந்தப் பதில் மனசில் நின்றுவிட்டது. அப்புறம் தேடித் தேடிப் படித்தேன்.

சகிச்சி டொயோடா 1867-ல் ஜப்பானின் ஷிசுவோகா பகுதியில் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர். ஊரில் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தார். 1890-ல் ஒரு கையால் ஓட்டக்கூடிய மரத் தறியை உருவாக்கி, அடுத்த வருஷமே அதற்குக் காப்புரிமை பெற்றார். அதோடு விடவில்லை. 1924-ல் மகன் கிச்சிரோவுடன் சேர்ந்து 'ஜி வகை' தானியங்கித் தறியைக் கொண்டுவந்தார். நாடாவுக்குள் இருக்கும் நூல் சுருளான தார் தீர்ந்தால் தறியை நிறுத்தாமலே நாடாவை அது மாற்றிக்கொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தாலோ, ஊடை நூல் அறுந்தாலோ, உடனே தானே நின்றுவிடும். இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் நடைதான் ஞாபகம் வந்தது. அவர் வாழ்நாள் முழுக்கக் கண்ணால் செய்த வேலையை அந்தத் தறி தானாகவே செய்திருக்கிறது.

1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. 1933-ல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே கார் பிரிவைத் தொடங்கினார் கிச்சிரோ. 1936-ல் முதல் கார் 'ஏஏ' விற்பனைக்கு வந்தது. 1937 ஆகஸ்டில் டொயோட்டா தனிக் கம்பெனி ஆனது. குடும்பப் பெயர் டொயோடா. கார் பெயர் டொயோட்டா. ஜப்பானிய எழுத்தில் 'டா'வை 'ட்டா' ஆக்கினால் இரண்டு புள்ளிகள் குறைந்து எட்டே கோட்டில் எழுதி முடிக்கலாம். எட்டு அங்கே ராசியான எண்.

1950-ல் கம்பெனி கிட்டத்தட்ட முழுகும் நிலைக்குப் போனது. ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தது. தொழிலாளர் போராட்டம் நடந்தது. கிச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இரண்டே வருஷத்தில் காலமானார். கொரியப் போருக்கு வந்த லாரி ஆர்டர்கள்தான் கம்பெனியைத் தூக்கிவிட்டன. இன்றைக்கு உலகம் முழுக்கப் பாடமாக நடத்தும் டொயோட்டா உற்பத்தி முறையை வடிவமைத்த தாயிச்சி ஓனோவும் 1932-ல் டொயோடாவின் நூற்பு நெசவு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்தான். 1943-ல்தான் கார் பக்கம் வந்தார். தறி தானே நிற்கும் என்றால் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். நெசவாலையில் பார்த்த அந்தக் கணக்கைக் கார் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். அங்கே வேலை செய்பவர் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் கயிற்றை இழுக்கலாம். சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். தப்பை அடுத்த ஆளிடம் தள்ளிவிடக் கூடாது. ஆக, இழை அறுந்தால் தறி நிற்பதும் இதுவும் ஒன்றுதான்.

நம் நாட்டுக்கும் இவர்கள் காரோடு வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். டொயோட்டா குழுமம் இந்தியாவின் கிர்லோஸ்கர் குழுமத்துடன் சேர்ந்து பெங்களூரில் முதலில் தொடங்கியது ஸ்பின்னிங் மில்லுக்கான ரிங் பிரேம் இயந்திரக் கம்பெனி, 1995-ல். கார் கம்பெனி 1997-ல்தான். பெங்களூர் பக்கம் உள்ள பிடதி தொழிற்சாலையிலிருந்து 2000-ல் குவாலிஸ் வந்தது. இந்தோனேசியாவில் 1977-லிருந்து ஓடும் 'கிஜாங்' குடும்பத்து வண்டி அது. கிஜாங் என்றால் அந்த ஊர் மொழியில் மான். பெட்டி மாதிரி இருந்தாலும் குவாலிஸ் ஓட்டிய டிரைவர்களிடம் இன்றைக்கும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், முகம் மலரும். நல்ல விற்பனையில் இருக்கும்போதே அதை நிறுத்திவிட்டு 2005-ல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். லாரி மாதிரி தனிச் சேஸி மேல் பாடி உட்கார்ந்த அமைப்பு, பின்சக்கர இழுவை. 2,494 சிசி டீசல் எஞ்சின், 102 குதிரைத்திறன். இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டால் இந்த எண் சாதாரணம். ஆனால் ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய பிறகு, திம்பம் மலையில் இரண்டாவது கியரில் சலிக்காமல் ஏறும்போது அந்த எஞ்சினின் அருமை தெரியும். மைலேஜ் ஊருக்குள் ஏசி போட்டு 11, நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனால் 13. இன்றைய டீசல் விலைக்கு கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய் எண்ணெய்க்கே ஆகிவிடும். தனியாக ஆபீஸ் போய்வர இது வண்டியே இல்லை.

ஆள் ஏற்றினால்தான் இது வண்டி. அம்மாவுக்கு முட்டி வலி. தாழ்வான காரில் உட்கார்ந்து எழுவது அவருக்குப் பெரிய வேலை. இதில் பிளாட்பாரத்தில் உட்காருகிற மாதிரி அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வார். மேற்கூரையில் பின்வரிசைகளுக்குத் தனி ஏசி துவாரம் உண்டு. மே மாதக் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு போகிறவர்களிடம் கேளுங்கள் அதன் மதிப்பை. மூன்றாவது வரிசை சிறுபிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரம் தாங்கும். சேஸி வண்டி என்பதால் வளைவில் கொஞ்சம் சாயும், மலைப்பாதையில் வேகம் கூட்டினால் பின்சீட்டில் வாந்தி நிச்சயம். ஈரமான செம்மண்ணில், பின்னால் ஆள் இல்லாவிட்டால் பின்சக்கரம் சுழலும். நடு வரிசையில் இரண்டு பேரைப் பின்னால் மாறி உட்காரச் சொன்னால் பிடித்துக்கொள்ளும்.

இந்த வண்டி மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்த நாள் ஒன்று உண்டு. 2014 மார்கழி, சபரிமலைக்குப் போகிறோம். வழியில் மழை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு சின்ன பங்க்கில் டேங்க் நிரப்பினேன். வத்தலக்குண்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு, கூடவே 'கீ' என்று ஒரு சத்தம். அதுவரை பார்க்காத விளக்கு. ஓரம் கட்டிவிட்டு எங்கள் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்தவர் கேட்ட ஒரே கேள்வி, "எங்க டீசல் போட்டீங்க தம்பி?" அப்புறம் பொறுமையாகச் சொன்னார். "பயப்படாதீங்க. ஃபில்டர்ல தண்ணி நின்னுருக்கு. வண்டி சொல்லுதுங்க, அவ்வளவுதான். அடியில ஒரு திருகு இருக்கும், லூஸ் பண்ணுங்க, மேல இருக்கற பம்ப்பை அமுக்குங்க."

செல்போன் வெளிச்சத்தில் காலி தண்ணீர் பாட்டிலை அடியில் பிடித்து, திருகைத் தளர்த்தி, மேலே கட்டை விரலால் அமுக்கினேன். முதலில் கலங்கலாகத் தண்ணீர். பத்து, பதினைந்து அமுக்கு கழித்து டீசல். பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால், அடியில் நாலு விரல்கடை தண்ணீர், மேலே வெளுத்த மஞ்சளாக டீசல், நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. திருகை இறுக்கி ஸ்டார்ட் பண்ணினேன், விளக்கு இல்லை. குமுளி வரை இன்னும் இரண்டு தடவை நிறுத்தி வடித்தோம். ஊர் திரும்பி டேங்க்கைக் கழுவி ஃபில்டர் மாற்றினோம். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் நாலு இன்ஜெக்டருக்கும் சேர்த்து ஒரு பழைய பைக் வாங்கும் காசு போயிருக்கும்.

அன்றைக்குத்தான் சகிச்சியின் தறி ஞாபகம் வந்தது. இழை அறுந்தால் சொல்கிற தறி எப்படியோ, அப்படித்தான் இந்த வண்டியும். டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் வந்தால் அதற்கென்று தனி விளக்கு. கிளட்ச் போகும் முன் ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்தால் வேகத்தடையில் 'டொக்' என்று ஒரு சத்தம், ஒரு மாதம் முன்னாலேயே. சத்தத்தைக் கேட்டுச் செய்தால் செலவு ஆயிரத்தில் முடியும். இதுவரை நான் செய்தது: பெல்ட் 1,50,000-ல் ஒருமுறை, 3,00,000-ல் ஒருமுறை. கிளட்ச் இரண்டு தடவை. டயர் சராசரியாக 50,000-க்கு ஒரு செட். எஞ்சின் ஆயில் 7,500-க்கு ஒருமுறை தவறாமல். எஞ்சின் ஹெட்டைக் கழற்றியதே இல்லை. 2022-ல் 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோனபோதும் முதல் பார்வையிலேயே தேறியது.

இந்தக் கம்பெனியும் தடுக்கி விழுந்திருக்கிறது. 2009-10-ல் அமெரிக்காவில் தானாக வேகமெடுக்கும் புகார்களால் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. கிச்சிரோவின் பேரன் அகியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். நாங்கள் வளர்ந்த வேகம் அதிகமாகிவிட்டதோ என்று வெளிப்படையாகச் சொன்னார். தறி நிற்காமல் ஓடியதால் விழுந்த கோடு என்றுதான் எனக்கு அது படுகிறது. அவர் சொன்ன காரணத்தை நான் மதிக்கிறேன்.

இன்னோவாவின் அடுத்தடுத்த மாடல்களாக 2016-ல் கிரிஸ்டா வந்தது, 2022-ல் ஹைகிராஸ். ஹைகிராஸில் தனிச் சேஸியும் இல்லை, டீசலும் இல்லை; முன்சக்கர இழுவை, பெட்ரோல் அல்லது பெட்ரோல் ஹைபிரிட். மச்சான் வாங்கியிருக்கிறார், ஓட்டிப் பார்த்தேன். சொகுசு, அமைதி, மைலேஜ் எல்லாவற்றிலும் என் வண்டியை விட எங்கேயோ இருக்கிறது. குடும்பத்துக்கு மட்டும் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பழைய இன்னோவா தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை. மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் பில், டைமிங் பெல்ட் மாற்றிய தேதி கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய வாரமே பெல்ட்டை மாற்றிவிடுங்கள், அது அறுந்தால் எஞ்சினே போச்சு. காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் புகையைப் பாருங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக் கூடாது. கடலோர வண்டி என்றால் அடியில் படுத்துச் சேஸி துருவைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

தை மாதம் பழனிக்கு எட்டுப் பேர் கிளம்புகிறோம். போன வாரத்திலிருந்து பின்பக்கம் வலது ஷாக் அப்சார்பர் வேகத்தடையில் ஒரு துள்ளு கூடுதலாகத் துள்ளுகிறது. மெக்கானிக் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.