நுரையீரல் கட்டிகளுக்குக் குறிக்கதிர்வீச்சு: மதுரைச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைப் பற்றி

காரைக்குடியிலிருந்து என் சித்தப்பாவை அழைத்துச் சென்ற மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்றின் கதிர்வீச்சுப் பிரிவைப் பற்றிய மதிப்புரை இது. நாக்குப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் முடிந்தபின் எடுத்த சி.டி. ஸ்கேனில், அவருடைய நுரையீரலில் இரண்டு சிறு கட்டிகள் தெரிந்தன.

இவர்களிடம் நான் முதலில் மதிப்பது அவசரப்படாமையை. நெடுங்காலம் சுருட்டுப் பிடித்தவருக்கு அது பரவிய நோயாகவோ, நுரையீரலிலேயே புதிதாகத் தோன்றிய புற்றுநோயாகவோ, நம் பக்கத்தில் அரிதல்லாத காசநோயாகவோ இருக்கக்கூடும் என்பதால், ஊசி வழியே சதை எடுத்துச் சோதித்து, உடல் முழுவதும் நோயைத் தேடிப் பார்க்கும் பெட் ஸ்கேனில் வேறெங்கும் நோயில்லை என்று தெரிந்த பிறகே சிகிச்சையைப் பற்றிப் பேசினார்கள். அறுவை மருத்துவரும் அந்த ஆலோசனையில் இருந்தார்; சித்தப்பாவின் மூச்சுத்திறன் குறைவாக இருந்ததால், கட்டிகளை வெட்டியெடுப்பதைவிட, கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைத்துச் சில அமர்வுகளில் அதிகக் கதிரைச் செலுத்தும் குறிக்கதிர்வீச்சே ஏற்றது என்று அவரே சொன்னது எங்களுக்கு நம்பிக்கை தந்தது. மூச்சோடு சேர்ந்து கட்டியும் நகரும் என்பதால், அந்த அசைவைப் பதிவு செய்யும் சிறப்பு ஸ்கேன் எடுத்துத் திட்டமிட்டு, அதிக அளவுக் கதிரை 5 அமர்வுகளில் முடித்தார்கள்.

பலனை ஊதிப் பெருக்கவுமில்லை. புற்றுநோய் ஒருசில இடங்களுக்கு மட்டும் பரவியவர்களிடம் நடத்தப்பட்ட சேபர்-காமெட் ஆய்வில் இவ்வகைக் கதிர்வீச்சு சேர்த்துப் பெற்றவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் 42.3 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 17.7 சதவீதம் என்று காட்டிய மருத்துவர், அதில் பங்கேற்ற 99 பேரில் பெரும்பாலோருக்கு மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய்களே இருந்தன என்பதையும், கதிர்வீச்சு பெற்ற 66 பேரில் 3 பேர் அதன் விளைவாகவே இறந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. விற்க வந்தவர் இப்படிப் பேசமாட்டார்.

அலுவலகம்தான் அந்தத் தரத்தில் இல்லை. முதலில் சொன்ன தொகையில் பெட் ஸ்கேனும், உடலை அசையாமல் பிடிக்கும் அச்சுப் படுக்கையும் அடங்கவில்லை. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து விடியலில் கிளம்பி வருவோருக்கும் பிற்பகலில்தான் முறை வருகிறது. காப்பீட்டில் எதெல்லாம் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மறுபரிசோதனை ஸ்கேனைக் காரைக்குடியிலேயே எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள். ஆனால் கதிர்பட்ட இடத்தில் உண்டாகும் வடு, கட்டி வளர்ந்ததுபோலவே தோன்றக்கூடுமாதலால், பழைய ஸ்கேன் குறுந்தகடுகளை உடன் கொண்டுபோய், சிகிச்சை தந்த மருத்துவரிடமே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.