செர்க் பயிற்சி: முதல் அறிக்கைக்குக் கைகொடுக்கும், வாட்ஸ்அப்பில் திணறும்

2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கடிதங்கள் கிளப்பிய பீதிக்குப் பிறகு, அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையமான சிடிசி உருவாக்கிய நெருக்கடிக்காலத் தகவல்தொடர்புப் பயிற்சிதான் ‘செர்க்’ (CERC). கையேடும் பாடங்களும் இலவசம். சிங்கப்பூரில் சமூக மன்றத்திலோ ஊழியர் தங்குவிடுதியிலோ தமிழில் சுகாதாரத் தகவல் சொல்பவருக்கு இது உதவுமா? பாதிக்குமேல் உதவும். மீதியை நாமே தைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் உயிர்நாடி முதல் அறிக்கைக்கான ஆறு கூறுகள்: மக்களின் அச்சத்தை ஏற்றுக்கொள்ளும் ஒரு வரி, உறுதியான தகவல், இன்னும் தெரியாதது, அதை எப்படிக் கண்டறிகிறோம், கைவிடமாட்டோம் என்ற உறுதி, அடுத்த தகவல் எப்போது, எங்கே. விடுதியொன்றில் 12 பேருக்கு வாந்தி பேதி என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது அந்த 12 என்ற எண் மட்டும்தான் என்றாலும் ஆறு கூறுகளையும் எழுதிவிடலாம். பலரும் விட்டுவிடுவது மூன்றாவதை. வெறுமனே “தெரியவில்லை” என்றால் கைகழுவுவதுபோல் ஒலிக்கும். “காரணம் இன்னும் உறுதியாகவில்லை, உணவு மாதிரியைச் சோதிக்கிறார்கள், மாலை 6 மணிக்குச் சொல்கிறோம்” என்றால் நான்காவது, ஆறாவது கூறுகளும் அதிலேயே வந்துவிடுகின்றன. அச்சத்தை ஏற்கும் வரியும் அப்படித்தான். “உங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம்” என்பதில் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். “சாப்பிடவே பயமாகத்தான் இருக்கும்” என்பது பேச்சு.

வதந்தியை மறுக்கும் இடத்தில்தான் தமிழுக்கென்றே ஒரு சிக்கல். கொவிட் பரவத் தொடங்கிய 2020 ஜனவரியில், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையம் கிருமிநீக்கத்துக்காக மூடப்பட்டதாக ஃபேஸ்புக்கில் வதந்தி பரவி, பொய்ச்செய்திச் சட்டத்தின்கீழ்த் திருத்த உத்தரவு வரை போனது. அதை “உட்லண்ட்ஸ் நிலையம் மூடப்பட்டதாகப் பரவும் செய்தி உண்மையல்ல” என்று மறுத்தால் என்ன ஆகும்? நம் மொழியில் மறுப்பு கடைசியில் வரும். கைப்பேசி முன்னோட்டத்தில் வரி பாதியில் அறுந்தால் மிஞ்சுவது “மூடப்பட்டதாக” மட்டுமே. “உட்லண்ட்ஸ் நிலையம் வழக்கம்போல் இயங்குகிறது” என்று தொடங்கிவிட்டு, வதந்தியை ஒருமுறை மட்டும் பிறகு குறிப்பிடுங்கள். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய கையேட்டில் இதைத் தேடிப் பயனில்லை.

செர்க்கோடு பலர் சேர்த்துக் கற்பிக்கும், இடர்த் தகவல்தொடர்பு நிபுணர் வின்சென்ட் கோவெல்லோவின் 27-9-3 அளவும் (சொல்ல வேண்டியதை 27 சொல், 9 விநாடி, 3 செய்திக்குள் அடக்குவது) அப்படியே பொருந்தாது. வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தமிழில் 27 சொல்லை 9 விநாடிக்குள் சொல்லி முடிக்க மூச்சு வாங்கும். விநாடியையும் மூன்று செய்தியையும் வைத்துக்கொண்டு சொல் எண்ணிக்கையை 15 அளவுக்கு இறக்குங்கள். கடிகாரத்தோடு வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

“முதலில் சொல், சரியாகச் சொல்” என்பவை செர்க்கின் ஆறு கொள்கைகளில் முதலிரண்டு. ஆங்கில அறிக்கை முடிந்த பிறகே தமிழுக்கு அனுப்பும் இடங்களில் முதலாவது அங்கேயே தோற்றுவிடும், அவசரத்தில் இரண்டாவதும். 2020 தொடக்கத்தில் தனிமை உத்தரவு, வீட்டில் தங்கும் உத்தரவு, கட்டாய விடுப்பு என்று மூன்று இருந்தன. மூன்றின் விதிகளும் வேறு. எல்லாவற்றையும் ‘தனிமைப்படுத்தல்’ என்று எழுதினால், பால் வாங்கக் கீழே இறங்கலாமா என்ற கேள்விக்குத் தவறான பதில் போகும். சொற்பட்டியலை நெருக்கடி வருமுன்னே ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

பெரிய குறை, பாடங்கள் செய்தியாளர் கூட்டத்தைச் சுற்றியே அதிகம் சுழல்வது. மாமா வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பும் வதந்திக்கு அதில் இடம் குறைவு. ஆகவே ஒத்திகையை நீங்களே அமைக்க வேண்டும்: நான்கு பேர், இரண்டு மணி நேரம். ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க, ஒருவர் பேச, நான்காமவர் வரும் வதந்திகளைக் குறித்துக்கொள்ள. 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய தகவல் ஒன்றை நுழையுங்கள். அவற்றில் இரண்டாவது பொய்யாக இருக்கட்டும். நான்காமவர் ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியவை இரண்டு: நம்பினால் உடலுக்குக் கேடா? நம் ஆட்களிடம் பரவிவிட்டதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் மறுக்காமல் கவனித்து வந்தால் போதும். மறுப்பே அதற்கு விளம்பரமாகிவிடும்.

நேரம் குறைவு என்றால் நெருக்கடிக்கால மனநிலை பற்றிய அத்தியாயத்தையும் பேச்சாளர் பற்றியதையும் மட்டும் படியுங்கள். அமெரிக்கச் சட்டம், அரசமைப்பு பற்றிய பக்கங்களைத் தள்ளிவிடலாம்.