நைட் டூட்டிக்குப் பிறகு ஒரு களி

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நான் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர் (இன்டர்ன்). நைட் டூட்டி முடிந்தால் நேராகத் தள்ளுவண்டிக் கடைதான். ஆவி பறக்கும் கேழ்வரகுக் களி உருண்டை. நடுவில் குழி பறித்துக் கீரைக் கடைசல் ஊற்றுவார் அக்கா. களி கையில் ஒட்டாது. கடைசலில் சில நாள் உப்புத் தூக்கல்.

"இன்னும் எத்தன வருஷம் படிப்ப சாமி?"

நாலரை வருஷ எம்.பி.பி.எஸ். வகுப்பு முடிந்தது, இந்த ஒரு வருஷம் இன்டர்ன் பயிற்சி, அப்புறம் மேற்படிப்புக்கு நீட் பி.ஜி. தேர்வு, சீட் கிடைத்தால் எம்.டி. 3 வருஷம் என்றேன். அமெரிக்காவில் இன்டர்ன் வருஷமே ரெசிடென்சியின், அதாவது அங்கத்து மேற்படிப்புப் பயிற்சியின், முதல் வருஷம். இங்கே அது எம்.பி.பி.எஸ். கணக்கு, பி.ஜி.யில் ஒரு நாள்கூடக் கழியாது.

"அதுக்குள்ள என் பொண்ணு கல்யாணமே முடிஞ்சிரும்" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.

எட்டு மணிக்கு மேல் போனால் களி இருக்காது. ஜிபே கிடையாது, சில்லறை எடுத்துப் போங்கள்.