நியூபோர்ட் 1956 எல்பி வாங்கப் போறீங்களா? லேபிள் போட்டோ பாக்காம பணம் அனுப்பாதீங்க

ஜாஸ் இசைக்காரர் ட்யூக் எலிங்டன் 1956ல அமெரிக்காவோட நியூபோர்ட் ஜாஸ் விழாவுல வாசிச்ச கச்சேரியோட ரெக்கார்டைத் தேடிட்டிருக்கவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் காசைக் குடுங்க. போன மாசம் எனக்கு 6,500 ரூபா போச்சு.

ஆன்லைன்ல பழைய எல்பி விக்கிற ஒருத்தர் "1956 ஃபர்ஸ்ட் பிரஸ், ஸ்டீரியோ, முழு கச்சேரியும் லைவ்"னு போட்டிருந்தார், அட்டைப் படம் மட்டும்தான் இருந்துச்சு, எலிங்டன் குழுவுல சாக்ஸஃபோன் ஊதின பால் கொன்சால்வஸோட அந்த 27 கோரஸ் சோலோவை (அதே மெட்டை 27 சுத்து சுத்தி ஊதினது) தட்டுல கேக்கணும்னு பல வருஷ ஆசை, அதனால வேற எதுவும் கேக்காம ஜிபேல அனுப்பிட்டேன். பார்சலைப் பிரிச்சா சிவப்பு லேபிள், ஓரத்தைச் சுத்தி தங்க எழுத்துல ரெக்கார்டு கம்பெனி பேரு கொலம்பியா. அது 1970க்கு அப்புறம் அடிச்ச தட்டு. 56ல வந்ததுன்னா லேபிள்ல இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணுன்னு கண்ணு மாதிரி ஆறு குறி இருக்கும், ரெக்கார்டு நம்பர் சிஎல் 934, மோனோ, அதாவது ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம். 56 தட்டை ஸ்டீரியோனு யாராவது வித்தா அங்கேயே எந்திரிச்சு வந்துடுங்க. எனக்கு வந்தது மோனோ டேப்பையே எலக்ட்ரானிக்கா ரெண்டு ஸ்பீக்கருக்கும் பிரிச்சு விட்டது, சாம் வுட்யார்டோட டிரம்ஸ் தகர டப்பாவுல தட்டுற மாதிரி கேக்குது, மனசே விட்டுப்போச்சு.

முழு லைவ்ங்கறதும் தப்பு. ஜூலை 7 ராத்திரி கொன்சால்வஸ் வாசிச்சது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோவோட மைக்ல, கொலம்பியா டேப்ல அவர் சத்தம் தூரத்துலதான் கேக்கும். அதுபோக நியூபோர்ட் சூட்ங்கற எலிங்டனோட இசைத் தொகுப்பு மாதிரி நிறைய பகுதிய 9ஆம் தேதி ஸ்டுடியோவுல திரும்ப வாசிச்சு, கைதட்டலை மேல ஒட்டித்தான் அந்த எல்பியே வந்துச்சு. நிஜ கச்சேரி வேணும்னா 1999ல வந்த ரெண்டு சிடி செட்டைத் தேடுங்க. ரேடியோக்காரங்க டேப் கிடைச்சதும் ரெண்டு மோனோ டேப்பையும் பொருத்தி ஸ்டீரியோ ஆக்கினாங்க, அதுலதான் கொன்சால்வஸ் பக்கத்துல நின்னு ஊதுற மாதிரி இருக்கும், கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா வெறியாகுறதும் தெளிவா கேக்கும்.

வித்தவருக்கு போன் பண்ணினா "பழைய சரக்கு சார், ரிட்டர்ன் கிடையாது"ன்னார். லேபிள் போட்டோ அனுப்பினேன், பிளாக் பண்ணிட்டார். நேத்து ஃப்ரெண்டு போன்ல பார்த்தேன், அதே அட்டை, அதே மூணு வரி, விலை மட்டும் 7,000.