முழங்கை வலியோடு ஸ்குவாட்: லோ-பாரா, ஹை-பாரா, சேஃப்டி பாரா?

லோ-பார் ஸ்குவாட், அதாவது எடைக் கம்பியை (பார்) முதுகில் சற்றுத் தாழ்வாக, பின் தோள் தசை மேல் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி போடுகிறவர்களில் பலருக்கு முழங்கையின் உட்பக்கம் வலி வரும். ஸ்குவாட் போடும்போது அது பெரிதாகத் தெரியாது, அப்புறம் பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் படுத்து பாரைத் தூக்கும்போதுதான் சுள்ளென்று இழுக்கும், அதனால் பழி பெஞ்ச் மேல் விழுந்து ஸ்குவாட் தப்பித்துவிடுகிறது. நடப்பது என்னவென்றால், முதுகு சுமக்க வேண்டிய எடையில் ஒரு பங்கைக் கை சுமக்கிறது. தோள்பட்டை இறுகியிருந்தால் கை பாருக்குக் கீழே சரியாகப் போய்ச் சேராது, மணிக்கட்டு பின்னால் மடங்கும். மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகள் முழங்கையின் உட்பக்க எலும்பு முனையில்தான் ஒட்டியிருக்கின்றன, அங்கே உள்ள தசைநாண்தான் கடைசியில் வலிக்கிறது.

இதற்காக ஸ்குவாட்டையே நிறுத்த வேண்டாம். வலி லேசாக இருந்தால் லோ-பாரிலேயே பிடியை மாற்றிப் பாருங்கள். பவர்லிஃப்டிங் பாரில் 81 செ.மீ. இடைவெளியில் இரண்டு வளையக் குறிகள் இருக்கும். அதற்கு உள்ளே பிடிப்பவர் குறிக்கு வெளியே கையை நகர்த்தலாம், கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு சேர்த்து பாருக்கு மேலேயே வைக்கலாம். மணிக்கட்டு நேராகிவிடும். முழங்கையைப் பின்னால் உயர்த்தித் தள்ளும் பழக்கத்தையும் விட வேண்டும். பார் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, ரேக்குக்குள் வெறும் 20 கிலோ பாரோடு நின்று விரல்களை மெல்லத் தளர்த்துங்கள்: பார் பின் தோள் தசையின் மேல் அசையாமல் நின்றால் சரி, கீழே வழுக்க ஆரம்பித்தால் இத்தனை நாள் கைதான் அதைத் தாங்கியிருக்கிறது. வழுவழுப்பான பனியனை மாற்றி பருத்தி டீ-ஷர்ட் போட்டு, முதுகில் கொஞ்சம் ஜிம் சாக் தூள் (மக்னீசியம் கார்பனேட்) தடவினாலே பாதி வழுக்கல் நின்றுவிடும். குறை ஒன்று உண்டு, பிடி அகல அகல மேல்முதுகு இறுக்கம் தளரும்.

ஹை-பாரில் பார் கழுத்துக்குக் கீழே டிரப்பீஸியஸ் தசை மேல் உட்காரும், தோள் அவ்வளவு பின்னால் சுழல வேண்டாம், முழங்கை இயல்பாகக் கீழ்நோக்கித் தொங்கும். எடை கொஞ்சம் குறையும், முழங்கால் அதிகமாக முன்னே போகும், உடல் நிமிர்ந்தே இருக்கும். போட்டிக்குப் போகாதவருக்கு இதில் இழப்பு என்று எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பாரில் ஏறும் எண்ணுக்காக முழங்கையைக் கொடுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

பாரை முன் தோளில் வைத்துச் செய்யும் ஃப்ரண்ட் ஸ்குவாட்டை நிறைய பேர் பரிந்துரைக்கிறார்கள். முழங்கையை முன்னால் உயர்த்தி விரல்களால் பாரைப் பிடிக்கும் கிளீன் பிடியில் மணிக்கட்டு மறுபடியும் மடங்கும், கைகளைக் குறுக்கே போட்டுப் பிடித்தால் பரவாயில்லை. ஆனால் காலுக்கு முன்பே மேல்முதுகு களைத்துப்போகும், அதனால் துணைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

வலி முற்றிவிட்டவருக்கு, அதாவது பாட்டில் மூடியைத் திருகினாலே வலிக்கிறது என்பவருக்கு, சேஃப்டி ஸ்குவாட் பார்தான் முதல் தேர்வு. தோளில் மெத்தையோடு உட்காரும், கைப்பிடிகள் நெஞ்சுக்கு முன்னால் இருக்கும், தோளைச் சுழற்றவே வேண்டாம். எடை உங்களை முன்னால் சாய்க்கப் பார்க்கும் என்பதால் மேல்முதுகுக்கு வேலை அதிகம். வழக்கமான பவர்லிஃப்டிங் போட்டிகளில் இதற்கு அனுமதி கிடையாது, நம்மூர் ஜிம்கள் பலவற்றில் இது இருக்கவும் இருக்காது. கிடைக்காவிட்டால் ஹை-பாருக்குப் போங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சின்-அப், கர்ல் இரண்டையும் சில வாரம் குறைக்காவிட்டால் பலன் குறைவுதான், அவையும் அதே தசைநாணைத்தான் இழுக்கின்றன. முழு ஓய்வும் உதவாது, தசைநாணுக்கு அளவான சுமை வேண்டும். லேசான டம்பெல்லில் மணிக்கட்டு கர்ல் போட்டு, இறக்கும்போது மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் அது நரம்புச் சிக்கலாக இருக்கலாம். அப்போது பாரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.